வெள்ளை வேட்டியில் கறுப்புக் கோடுகள்

பூபதிக்கு அன்று காலையிலிருந்து ஒன்றும் ஓடவில்லை. தர்மபுரியில் வேன் ஓடவில்லை; பேக்கரிக்காரரும் கலைமதியும் தள்ளித்தான் கிளம்பியது. பாலக்கோட்டுக்குள் நுழைந்ததும் தக்காளி டிராக்டர்களின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றதில் கிளம்பிய வேனும் ஓடவில்லை. இப்போது காவல் நிலையத்தில் எஸ்.ஐ. சவுரியப்பனுக்கு எதிரே நிற்கும்போது மூளையும் ஓட மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"மாப்பிள்ளை நல்லவனா கெட்டவனான்னு விசாரிச்சுச் சொல்ற ஏஜென்சிதானே நீங்க?" என்றார் சவுரியப்பன். "இதுல உங்களுக்கு என்னங்க வேலை?"

"மாமியாரையும் விசாரிப்போம் சார். அதுக்கு மட்டும் ரேட் ஜாஸ்தி," என்றாள் கலைமதி.

பூபதி அவளை முறைத்தான். மூன்று வருடமாக அவனிடம் உதவியாளராக இருக்கிறாள். வாயைத் தவிர மற்ற எல்லாம் அவளுக்கு அடக்கம்.

"தாரிக்கோட சம்சாரம் சுல்தானா எங்ககிட்ட வந்திருக்காங்க," என்றான் பூபதி. "அவர் இதைச் செய்யலைன்னு சொல்றாங்க."

"சம்சாரம் வேற எப்படிச் சொல்லும்?" சவுரியப்பன் மேஜை மேல் கிடந்த பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக் காட்டினார். "முத்துராஜ் மண்டியில இருக்கிற எடை மெஷினைப் பிரிச்சா உள்ளே இது, கூடவே ஒரு ரிமோட். முத்துராஜ் தனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறாரு. ரிமோட்டை அமுக்கினா எடை குறையும். கடையில விக்கிற சாமான் இல்ல, வூட்டுல செஞ்ச சர்க்யூட் போர்டு. பாலக்கோட்டுல வூட்டுல உக்காந்து போர்டு செய்யற ஆள் யாரு? தாரிக். போன மாசம் அந்த மெஷினை ரிப்பேர் பண்ணினது யாரு? தாரிக். போர்டுல இருக்கிற கோடெல்லாம் யாரோட டிசைன்? அதுவும் தாரிக். சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தப் போறேன். உள்ளே போயிடுவாரு."

உறைக்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய தகடு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் செம்புக் கோடுகள், மறுபக்கம் எட்டுக்கால் பூச்சி மாதிரி ஒரு கறுப்புச் சில்லு, ஐ.சி. ஒரு மூலை மட்டும் அடிப்பிடித்த பால்சட்டி நிறத்தில் கருகியிருந்தது. பூபதி கையை நீட்டினான். சவுரியப்பன் உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"போட்டோ வேணும்னா எடுத்துக்கோங்க. ஏற்கெனவே ஊர் பூரா போன்ல ஓடுது." பூபதி இரண்டு பக்கத்தையும் படம் எடுத்ததும் உறையை மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

சுவரோரம் பெஞ்சில் தாரிக் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது, மெலிந்த உடம்பு, விரல் நுனியெல்லாம் மஞ்சள் கறை. செம்பை அரிக்கிற கரைசலில் புழங்குகிறவர்களுக்கு இந்தக் கறை போகவே போகாது. கண்கள் சிவந்திருந்தன. ஆனால் அவன் ஆத்திரம் பூபதி எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

"அண்ணா, தூரத்துல இருந்துதான் காட்டினாங்க. கையில தரல. இருந்தாலும் சொல்றேன், அந்த ஈயத்தைப் பாத்தீங்களா? கோழி எச்சம் போட்ட மாதிரி வச்சிருக்கான். அதை நான் செஞ்சேன்னு சொல்றாங்களேண்ணா."

"தம்பி, ஜெயிலுக்குப் போறதைப் பத்தி ஏதாவது சொல்லுங்க."

"டிசைன் என்னோடதுதான். வயல்ல இருந்து ரிமோட்ல மோட்டார் போடறதுக்கு வரைஞ்சேன். வாட்ஸ்அப் குரூப்ல எல்லாருக்கும் சும்மாவே குடுத்திருக்கேன்."

"குரூப்ல எத்தனை பேர்?"

"தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்ன்னு நிறையப் பேர் இருப்பாங்கண்ணா. யார் யாருன்னு எனக்கே தெரியாது."

பூபதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். இருக்கிற ஒரே நூலும் ஊர் முழுக்கச் சிக்கிக் கிடந்தால் எங்கே பிடித்து இழுப்பது? வெறுப்பாக வெளியே வந்தான்.

வாசலில் விவசாயிகள் கூட்டம். பச்சைத் துண்டு போட்ட மல்லையன் என்பவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாக இருந்தார். "அவன் கையை முறிக்கணும். ராத்திரி பகலா நாங்க கஷ்டப்பட்டு வெளைய வச்சா, இவன் பட்டனை அமுக்கித் திங்கறானா?"

கூட்டத்துக்கு நடுவே ஒருவன் எல்லோருக்கும் விசிட்டிங் கார்டு கொடுத்துக்கொண்டிருந்தான். எடை மெஷின் விற்றுச் சர்வீஸ் செய்கிற மதியழகன். மண்டியில் எல்லோர் முன்னாலும் மெஷினைப் பிரித்து அந்தப் போர்டை வெளியே இழுத்தவன் இவன்தான். அந்த வீடியோதான் ஊரெல்லாம் ஓடுகிறது. பளபளக்கும் ஷூ, படிய வாரிய தலை, மணக்கும் சென்ட். சட்டை மட்டும் சேராத சாமான். சாம்பல் நிறக் கம்பெனிச் சட்டை, பையின் மேல் சின்னதாக ஒரு தராசு தைத்திருந்தது. சட்டையோ பானைக்குள்ளிருந்து எடுத்தது போலக் கசங்கிக் கிடந்தது.

"தாரிக் கை வச்ச மெஷின் எதையும் நம்பாதீங்கண்ணா. உள்ளே என்ன வச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்? மாத்திடறதுதான் நல்லது," என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஊரைத் திருத்தறதுக்கு முன்னாடி சட்டையைத் திருத்தியிருக்கலாம்," என்று பூபதியின் காதில் முணுமுணுத்தாள் கலைமதி.

பூபதிக்குச் சிரிப்பு வரவில்லை. வேன் சாவியைத் திருப்பினான். அது ஒரு தடவை இருமிவிட்டு அடங்கியது. கலைமதி இறங்கித் தள்ளினாள்.

தாரிக்கின் வீடு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முன்னறையின் ஜன்னல் கண்ணாடி உடைந்து கிடந்தது. காலையில் யாரோ கல்லெறிந்திருக்கிறார்கள். சுல்தானா துண்டுகளைப் பெருக்கி முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரு மேஜை, அதன் மேல் ஈயம் வைக்கிற கம்பி, சுருள் சுருளாக ஒயர், பாதி திறந்த இன்வெர்ட்டர், யாரோ கொடுத்துவிட்டுப் போன டி.வி.யின் வயிறு. சுவரை ஒட்டி மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"எல்லாம் ஊர்க்காரங்களோடதுதாண்ணா," என்றாள் சுல்தானா. "கல்லெறிஞ்சவன் வூட்டுப் பெட்டியும் இதுல இருக்கும். அவரு வந்ததும் அத்தனையையும் பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுடறேன். இதுங்களாலதான் எங்களுக்கு இந்தக் கேடு."

சொன்னாளே தவிர, பெருக்கும்போது ஒரு பெட்டியைக்கூட அவள் காலால் தள்ளவில்லை. எல்லாவற்றையும் தூக்கி ஓரமாக வைத்துத்தான் பெருக்கினாள்.

"அந்த ரிமோட் போர்டு ஏதாவது வூட்டுல இருக்குங்களா? அவர் செஞ்சது?"

அவள் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பூபதி அதைப் போனிலிருந்த போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தான். அதே கோடுகள், அதே வளைவுகள். இதைப் பார்த்தால் எந்த நீதிபதியும் தாரிக்கை உள்ளே தள்ளிவிடுவார். ஆனால் ஏதோ ஒன்று உறுத்தியது. சாப்பாட்டில் கல் இருக்கிறது, பல்லில்தான் படவில்லை. பூபதி போர்டைத் திருப்பினான், போனைத் திருப்பினான், தலையைத் திருப்பினான். ஆத்திரம்தான் வந்தது.

"கலை, நீ பாரு. எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு."

கலைமதி பார்த்தாள். "செல்ஃபி மாதிரி இருக்கு சார்."

"விளையாடாதே."

"விளையாடல சார். எனக்கு வலது கன்னத்துல மச்சம். செல்ஃபி எடுத்தா சில போன்ல அது இடது கன்னத்துக்குப் போயிடும். இதுவும் அப்படித்தான் இருக்கு. வூட்டுல இருக்கிற போர்டுல இந்தத் தடிக் கோடு வலது பக்கம் வளையுது. போட்டோல இடது பக்கம் வளையுது."

பூபதிக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை துளிர்த்தது. அடுத்த நிமிடமே அடங்கிவிட்டது. "போட்டோவே திரும்பியிருக்கும். நான் எடுத்ததுதானே, என் போன் லட்சணம் எனக்குத் தெரியும்." மறுபக்கம் எடுத்த படத்தைப் பெரிதாக்கினான். ஐ.சி.யின் முதுகில் இருந்த எண்கள் நேராகவே படிக்க முடிந்தன. பின்னால் தெரிந்த காவல் நிலையக் காலண்டரும் நேராகவே இருந்தது. அப்படியானால் போட்டோ திரும்பவில்லை. போர்டுதான் திரும்பியிருக்கிறது.

"அது எல்லாருக்கும் நடக்கிறதுதாண்ணா," என்றாள் சுல்தானா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதையே பார்த்துப் பார்த்து அவளுக்குப் பழகியிருந்தது. "கோட்டுப் படத்தை வழவழத் தாள்ல லேசர் பிரின்ட் எடுப்பாங்க. செம்புத் தகட்டு மேல கவுத்து வச்சு இஸ்திரிப் பொட்டியால தேய்ச்சா மை தகட்டுல ஒட்டிக்கும். அப்புறம் மருந்துத் தண்ணியில போட்டா மை இல்லாத செம்பெல்லாம் கரைஞ்சுடும், கோடு மட்டும் நிக்கும். கவுத்து வைக்கிறதால படம் இடம் வலமா மாறிடும் இல்ல? அதனால பிரின்ட் எடுக்கும்போதே திருப்பி எடுக்கணும். இவரு மத்தவங்களுக்குக் குடுக்கிற படத்தை அவரே திருப்பி வச்சுத்தான் குடுப்பாரு. தெரியாதவங்க இன்னொரு தடவை திருப்பிட்டா போச்சு."

"தோசையை ரெண்டு தடவை திருப்பின கதை," என்றாள் கலைமதி. "முதல் பக்கமே மேல வந்துடும்."

"அப்போ இதைச் செஞ்சது தாரிக் இல்ல," என்றான் பூபதி. குரலில் இன்றைக்கு முதன்முதலாக உயிர் வந்தது.

சுல்தானா ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். உள்ளேயிருந்து பத்துப் பதினைந்து போர்டுகள் விழுந்தன. "புதுசுல அவரும் இப்படித்தான் கெடுத்திருக்காரு. ஒண்ணையும் தூக்கிப் போட மனசு வராது."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. திருப்பிப் போட்ட தப்பைத் தாரிக்கும் செய்வான் என்பதற்குச் சாட்சி, தாரிக் வீட்டு டப்பாவிலேயே கிடந்தது. பூபதி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். ஒரு குழந்தை மாதிரி அந்தப் போர்டுகளைக் கையால் கலைத்தான். பிறகு கை நின்றது.

"இதுல ஐ.சி. எல்லாம் ஏன் கோடு இருக்கிற பக்கத்துல இருக்கு? நல்ல போர்டுல மறுபக்கம்தானே இருக்கு?"

"கோடு திரும்பிப் போச்சுன்னா ஐ.சி.யையும் கோட்டுப் பக்கமே வச்சிடணும்ண்ணா. அப்போ காலெல்லாம் சரியா வந்துடும், போர்டு ஓடும். இல்லன்னா கரன்ட் தப்பான காலுக்குல்ல போவும்?"

பூபதி போட்டோவைப் பார்த்தான். போர்டு திரும்பியது. ஐ.சி.யோ நல்ல போர்டில் இருப்பது போல மறுபக்கத்தில், ஒன்றும் தெரியாத பிள்ளையாக உட்கார்ந்திருந்தது. செய்தவனுக்குத் தான் தப்பு செய்ததே தெரியாது.

உடனே சவுரியப்பனுக்குப் போன் போட்டான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐ.சி. முன்னாடி இருக்கு, பின்னாடி இருக்குன்னு சொன்னா மாஜிஸ்திரேட் என்னைத்தான் வெளியே போகச் சொல்வாரு. செஞ்சவனைக் கொண்டாங்க, பாக்கலாம்," என்று வைத்துவிட்டார்.

பூபதி போனை மேஜை மேல் எறிந்தான். சரியான விஷயத்தைச் சொன்னாலும் கேட்க ஆளில்லாவிட்டால் அது செவிடன் காதில் ஊதிய சங்குதான். வெளியே வெயில் மேற்கே சாய ஆரம்பித்திருந்தது. சுல்தானா வாசலையே பார்த்தாள்.

"சார்," என்றாள் கலைமதி, மேஜைக்கு அடியில் குனிந்தபடி. "இந்த இஸ்திரிப் பொட்டிக்கு என்ன ஆச்சு?"

"என் கல்யாணச் சீர்," என்றாள் சுல்தானா. "இப்போ போர்டு தேய்க்கிறதுக்குத்தான். துணிக்கு நான் வேற வாங்கிட்டேன்."

அது கரன்ட் பெட்டி. பருத்தி, நைலான் என்று சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு இருந்தது. அதில் ஓரிடத்தில் தாரிக் சிவப்புப் பெயின்ட் புள்ளி வைத்திருந்தான். அந்தப் புள்ளியைத் தாண்டினால் தகடு கருகிவிடும் என்று அவன் சொல்வானாம். பூபதி டப்பாப் போர்டுகளை மறுபடி பார்த்தான். கெட்டுப்போனவைதான், ஆனால் ஒன்றுகூடக் கருகவில்லை. காவல் நிலையத்துப் போர்டின் மூலை மட்டும் அடிப்பிடித்த பால்சட்டி.

"திருகு இல்லாத பொட்டி," என்றான் மெதுவாக. "சூட்டைக் குறைக்க முடியாத பொட்டி. கலை, அது எது?"

"கரிப்பொட்டி சார்."

"வூட்டுல எவன் கரிப்பொட்டி வச்சிருக்கான்?"

கலைமதி அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "இஸ்திரிக் கடையில சட்டை தேய்க்கக் குடுப்பாங்க, புடவை குடுப்பாங்க. செம்புத் தகடு தேய்க்கக் குடுத்த மகான் யாருன்னு எனக்கும் பாக்கணும் சார்."

முதல் இஸ்திரிக் கடை கேஸ் பெட்டிக்கு மாறியிருந்தது. இரண்டாவது கடைக்காரர் கலைமதியின் கேள்வியைக் கேட்டுவிட்டு, "வெயில் ஜாஸ்தி, நிழல்ல உக்காரும்மா," என்று தண்ணீர் கொடுத்தார். மூன்றாவது கடை பூட்டியிருந்தது. பூபதியின் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. இந்தத் தொழிலை விட்டுவிட்டுத் தக்காளி போடலாம் என்று யோசித்தான். பிறகு தக்காளி விலையை நினைத்து அதையும் விட்டான்.

நான்காவது, புளியமரத்தடியில் ஒரு தள்ளுவண்டி. வண்டிக்காரி சின்னக்கா என்றால் தெருவே கை காட்டியது. நாற்பது வயது, உரத்த குரல். பித்தளைப் பெட்டியில் கரியை ஊதிக்கொண்டிருந்தவள், "தகடு தேய்க்க யாராவது வந்தாங்களா?" என்று பூபதி கேட்டதும் பெட்டியை டம்மென்று வைத்தாள்.

"அந்தப் படுபாவி உங்காளுங்களா?"

பூபதி வாயைத் திறப்பதற்குள் கலைமதி முந்திக்கொண்டாள். "எங்காளு இல்லக்கா. எங்களுக்கும் அவன்மேலதான் கோவம்."

"காயிதத்தைத் தகட்டுமேல வச்சு ஒரு தேய் தேய்ச்சுக் குடுங்கக்கான்னான். நான் துணி தேய்க்கிறவ, தகடா தேய்க்கிறேன்னேன். கெஞ்சினான். சரி, பொட்டியை வாங்கி நீயே தேய்ச்சுக்கோன்னு குடுத்தேன். காயிதத்தைக் கவுத்து வைக்கணும்போல. அவன் மைப் பக்கத்தை மேல வச்சுட்டு எம் பொட்டியை அமுக்கினான். மையெல்லாம் எம் பொட்டியோட அடியில ஒட்டிக்கிச்சு. அப்புறம் 'ஐயோ'ன்னு வேற காயிதம் எடுத்து இன்னொரு தடவை தேய்ச்சு, தகட்டையே கருக்கி எடுத்துட்டுப் போனான். எனக்கு மை ஒட்டினது தெரியுமா? அடுத்துத் தேய்ச்சது வாத்தியாரு வேட்டி. இப்போ பாரு."

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து உதறினாள். அதன் நடுவில், சலவைக்கும் போகாத கறுப்பில், கோடு கோடாகச் சர்க்யூட் அச்சாகியிருந்தது. தடிக் கோடு, வளைவு, காலுக்குக் கால் வட்டம். பாதி மங்கல்தான். ஆனால் தாரிக்கின் டிசைனை இப்போது பூபதி தூக்கத்தில்கூட அடையாளம் காட்டுவான்.

"வாத்தியார் இனி இதைக் கட்டிக்கிட்டுப் போனா சயின்ஸ் பாடம் தனியா எடுக்க வேண்டாம்," என்றாள் கலைமதி.

"ஆள் யாருக்கா? பேரு?" பூபதி வண்டியருகே நெருங்கினான்.

"பேரை யாரு கேட்டா? நமக்குத் துணிதான் தெரியும். வாரம் தவறாம நம்மகிட்டத்தான் போடுவான், ரூம்ல தனியா இருக்கிற ஆளு. வேட்டிக்குப் பதில் சொல்லிட்டு உன் துணியை எடுத்துட்டுப் போடான்னு சொன்னேன். அன்னையிலிருந்து இந்தப் பக்கம் தலை வைக்கல. துணி இங்கதான் கெடக்குது."

அவள் ஒரு சிறு மூட்டையை அவிழ்த்தாள். பூபதி மேலே இருந்த துணியைப் பார்த்தான். பிறகு அன்று முதன்முதலாகச் சிரித்தான்.

"அக்கா, வண்டியைப் பக்கத்துக் கடையில பாத்துக்கச் சொல்லிட்டு எங்ககூட வாங்க. வேட்டிக்குப் பதில் வாங்கித் தர்றேன்."

காவல் நிலையத்தில் கிளம்புகிற ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஜீப் வாசலுக்கு வந்துவிட்டது. சுல்தானா தாரிக்குக்கு மாற்றுத் துணிப் பையோடு படியில் நின்றிருந்தாள். உள்ளே சவுரியப்பன் பேனாவும் கையுமாக எரிச்சலில் இருந்தார். பக்கத்தில் மதியழகன், சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்தான். பறிமுதல் செய்த எடை மெஷின் தரையில் இருந்தது.

பூபதி சின்னக்காவை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போனான். "சார், ஒரே ஒரு கேள்வி. இந்தப் போர்டு எத்தனை கிலோ குறைக்குது?"

"அதைத்தான்யா எழுதணும்," என்றார் சவுரியப்பன் மதியழகனைப் பார்த்து. "எத்தனை?"

"அஞ்சு, ஆறு கிலோ குறைக்கும் சார்," என்றான் மதியழகன்.

"பாத்தீங்களா?" என்று கேட்டான் பூபதி.

"இந்த மாதிரி போர்டுன்னா அப்படித்தான் சார்."

"பாத்ததில்ல," என்றான் பூபதி. "யாருமே பாக்கல. வெளியே இழுத்ததும் எல்லாரும் கத்த ஆரம்பிச்சுட்டாங்க. நீங்க ஒயரைப் பழையபடி மாட்டுங்க, இப்பவே பாத்துடலாம்."

மதியழகன் தயங்கினான். சவுரியப்பன் தயங்கவில்லை, அவருக்கு அறிக்கையில் ஒரு எண் வேண்டும். உறையிலிருந்து போர்டை எடுத்துக் கொடுத்தார். மதியழகன் ஒயரை மாட்டினான். மெஷின் ஒளிர்ந்தது.

"எடைக்கல்லு?" என்றார் சவுரியப்பன்.

"கல்லு எதுக்கு சார், நான் இருக்கேன்," என்று கலைமதி மேலே ஏறி நின்றாள். ஐம்பத்தெட்டு கிலோ முந்நூறு கிராம் என்று காட்டியது.

சவுரியப்பன் ரிமோட்டை அமுக்கினார். அதில் சின்ன விளக்கு எரிந்தது. எண் அசையவில்லை. மறுபடி அமுக்கினார். கலைமதி ஐம்பத்தெட்டு கிலோ முந்நூறு கிராமாகவே நின்றாள்.

"குறையவே மாட்டேங்குது சார். ஜிம்முக்குப் போயும் இதே கதைதான்," என்றாள்.

"ஒயர் ஏதாவது விட்டிருக்கும்," என்றான் மதியழகன்.

பூபதி பையிலிருந்து தாரிக் செய்த நல்ல போர்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். "சார், ரெண்டும் ஒரே டிசைன்தான். ஆனா ஒண்ணு இடது கால் செருப்பு, ஒண்ணு வலது கால் செருப்பு. மெஷினுக்குள்ள கிடந்தது திரும்பிப் போன போர்டு. அது ஓடவே ஓடாது. தாரிக் தப்பு பண்ணியிருந்தா ஐ.சி.யைக் கோட்டுப் பக்கமே வச்சு ஓட வச்சிருப்பாரு. அவர் வூட்டு டப்பாவுல இருக்கிற கெட்ட போர்டு ஒவ்வொண்ணும் அப்படித்தான் இருக்கு. இதைச் செஞ்சவனுக்குத் தப்பே தெரியல."

பெஞ்சிலிருந்து தாரிக் எழுந்துவிட்டான். மேஜை வரை வந்து எட்டிப் பார்த்தான். "திருப்பிட்டான்," என்றான், யாருக்கோ துக்கம் விசாரிப்பவன் போல. "நான் திருப்பித்தானே குடுத்தேன்."

"அப்போ ஓடாத போர்டை உள்ளே வச்சு எவனுக்கு என்ன லாபம்?" என்றார் சவுரியப்பன். "ஒரு கிலோ தக்காளிகூட இதால திருட முடியாதே."

"திருட வைக்கல சார். ஓடணும்னு அவசியமே இல்ல, கிடைக்கணும், அவ்வளவுதான். கடையில வாங்கின போர்டுன்னா யார் மேலும் பழி விழாது. தாரிக்கிட்ட வாங்கினா, யாருக்குக் குடுத்தேன்னு அவர் சொல்லிடுவாரு. அதனால வூட்டுல செஞ்ச மாதிரி ஒண்ணு வேணும். அது கிடைச்ச அன்னையிலிருந்து தாரிக் ரிப்பேர் பண்ணின மெஷினையெல்லாம் ஊர்ல தூக்கிப் போடுவாங்க. புது மெஷின் வாங்குவாங்க. காலையில வாசல்லயே கார்டு குடுத்தாச்சு."

சவுரியப்பன் மெதுவாக மதியழகன் பக்கம் திரும்பினார்.

"எடை சரின்னு அரசாங்க முத்திரை வைக்கணும்னு தாரிக்குக்கு அப்புறம் அந்த மெஷினைப் பிரிச்சதும் இவர்தான். வர்ற வழியில மண்டியில விசாரிச்சேன், நீங்களும் கேட்டுப் பாருங்க," என்றான் பூபதி.

"வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க," என்றான் மதியழகன். "எனக்குப் போர்டு மாத்தத் தெரியும், செய்யவே தெரியாது."

"அது தெரியுது," என்றான் தாரிக்.

கலைமதி மெஷினிலிருந்து இறங்கி வாசலுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் மடித்த துணி, பின்னால் சின்னக்கா. அவள் சவுரியப்பனையோ மெஷினையோ பார்க்கவில்லை. நேரே மதியழகனிடம் போய் வேட்டியை விரித்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இவன்தான் சாமி. வாத்தியாருக்கு என்ன பதில் சொல்றது, கேளுங்க."

சவுரியப்பன் வேட்டியிலிருந்த கோடுகளைப் பார்த்தார், மேஜையிலிருந்த போர்டைப் பார்த்தார். அவர் கண்கள் இரண்டு தடவை போய்வந்தன.

கலைமதி கையிலிருந்த துணியை மதியழகன் முன் நீட்டினாள். சாம்பல் நிறக் கம்பெனிச் சட்டைகள் இரண்டு, மடிப்புக் கலையாமல், பையின் மேல் சின்னத் தராசோடு. "மாத்திக்கோங்க சார். கசங்கின சட்டையோட போட்டோ எடுத்தா நல்லா இருக்காது."

மதியழகன் உட்கார்ந்துவிட்டான். சவுரியப்பன் எழுதிய தாளைக் கிழித்து இன்னொரு தாளை எடுத்தார்.

தாரிக் வெளியே வரும்போது கூட்டம் அப்படியே நின்றது. பூபதி எதிர்பார்த்தான், யாராவது ஒரு வார்த்தை மன்னிப்புச் சொல்வார்கள் என்று. ஒருவரும் சொல்லவில்லை. காலையில் கையை முறிக்கச் சொன்ன மல்லையன் மட்டும் முன்னால் வந்தார். அவர் கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது.

"தம்பி, ஸ்டார்ட்டர் போர்டு போயிடுச்சு. பயிர் காயுது. வேற யாருக்கும் பாக்கத் தெரியலை."

பூபதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாரிக்கோ பழக்கதோஷத்தில் பையைத் திறந்து உள்ளே பார்க்க ஆரம்பித்துவிட்டான். சுல்தானா பையைப் பிடுங்கி மல்லையன் கையில் திணித்தாள்.

"நாளைக்கு வூட்டுக்கு வாங்க. ஜன்னல் உடைஞ்சு கிடக்குது, அதைப் பாத்துட்டு அப்புறம் கேளுங்க."

மல்லையன் தலையைக் குனிந்துகொண்டார். சுல்தானா கணவனின் கையைப் பிடித்து வேனில் ஏற்றினாள். வேட்டியைச் சவுரியப்பனிடம் விட்டுவிட்டு வந்த சின்னக்கா பின்னால் ஏறினாள். கலைமதி முன்சீட்டில் உட்கார்ந்தாள். பூபதி ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி, தலையை வெளியே நீட்டினான்.

"வண்டி கிளம்பல. கொஞ்சம் தள்ளுங்க."

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் மல்லையன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து கை வைத்தார். பிறகு இன்னொருவர். பிறகு எல்லோரும். வேன் நகர்ந்தது. காவல் நிலையத்தைத் தாண்டி, மண்டியைத் தாண்டி, கடைத்தெருவில் ஆட்கள் திரும்பிப் பார்க்க, மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். பின்சீட்டில் தாரிக் தலை நிமிர்ந்து வெளியே பார்த்தான்.

சந்து முனை தெரியும்போது கலைமதி குனிந்து பார்த்தாள்.

"சார், நீங்க சாவியே போடலையே."

"தெரியும்," என்றான் பூபதி. "வூடு வரைக்கும் தள்ளட்டும்."